சமயச் சிறுபான்மையினர் பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் கிறித்தவத் திருமண்டலங்கள், மறைமாவட்டங்கள், இசுலாமிய அறக்கட்டளைகள் முதலிய சமய அமைப்புகள் நடத்தும் பள்ளிகளில் பயிலும் மாணவரின் உடல்நலம், கட்டடப் பாதுகாப்பு, பயணப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான சட்டங்களையும் நடைமுறைகளையும் பற்றியது இக்கட்டுரை. இந்திய அரசியலமைப்பின் 30 ஆம் உறுப்புரை, சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நிருவகிக்கும் உரிமையை அளிக்கிறது. இவ்வுரிமை பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு அளிக்கிறது என்ற தவறான எண்ணம் பரவலாக உள்ளது.

சட்ட நிலை

இக்கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1958 ஆம் ஆண்டிலேயே விடையளித்துவிட்டது. கேரளக் கல்வி மசோதா பற்றிக் குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துரையில், நிருவகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிருவகிக்கும் உரிமை ஆகாது என்று நீதிமன்றம் கூறியது. சுகாதாரமற்ற சூழலில் பள்ளி நடத்திக்கொண்டு, அதற்கு அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ கோர இயலாது என்பதும் அதில் அடங்கும்.

குழப்பம் பிற்காலத்தில் வேறு வழியில் நுழைந்தது. கட்டணமில்லா கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) எல்லாக் காலநிலைக்கும் ஏற்ற கட்டடம், குடிநீர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. ஆனால் 2014 மே 6 அன்று பிரமாதி வழக்கில், இச்சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று இத்தீர்ப்பின் சரித்தன்மையை ஐயுற்று, பெரிய அமர்வின் ஆய்வுக்குப் பரிந்துரைத்தது. விலக்கு கிடைத்தது அந்த ஒரு சட்டத்திலிருந்து மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டடம், தீத்தடுப்பு, வாகனம், குழந்தைப் பாதுகாப்பு ஆகியன பற்றிய பிற சட்டங்கள் எல்லாப் பள்ளிகளுக்கும் பொது.

கும்பகோணமும் அதன் பின்னும்

2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஏற்பட்ட தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். சமையற்கூடத்தில் பற்றிய தீ மாடி வகுப்பறைகளின் கீற்றுக்கூரைக்குப் பரவியது. தப்பிச் செல்லப் போதிய வழி இல்லை. இது சமய அமைப்பின் பள்ளி அன்று. எனினும், இன்று எந்தப் பள்ளியிலும் கேட்கப்படும் சான்றுகள் கண்டிப்புடன் கேட்கப்படுவதற்கு இந்நிகழ்வே முதன்மைக் காரணம். இதையொட்டித் தொடுக்கப்பட்ட அவினாசு மெகரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் அடிப்படை உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் பயிலும் உரிமையும் அடங்கும் என்றது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடின்றித் தீயணைப்புக் கருவிகள் பொருத்துதல், தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் பின்பற்றுதல், ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தல் ஆகியவற்றுக்கும் அது ஆணையிட்டது.

நடைமுறையில் ஒரு பள்ளி நான்கு சான்றுகளை வைத்திருக்க வேண்டும். பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் (உரிமம்) சட்டம், 1965 இன் கீழ் வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என்பன அவை. வகுப்பறைகளைப் பார்க்கும் ஆய்வாளர் கழிப்பறைச் சுவரையும் மதிற்சுவரையும் அதே கவனத்துடன் பார்ப்பதில்லை என்பதே இம்முறையின் பெருங்குறை.

திருநெல்வேலி விபத்து

அக்குறையின் விலை 2021 டிசம்பர் 17 அன்று தெரியவந்தது. திருநெல்வேலியில் தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலம் நடத்தும், அரசு உதவி பெறும் சாப்டர் மேல்நிலைப் பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். மேலும் சிலர் காயமுற்றனர். இதன் பின்னர் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டு, பழுதடைந்தவை பல இடிக்கப்பட்டன.

பிற விதிகள்

2012 சூலையில் சென்னையை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதனைத் தொடர்ந்து, அவ்வாண்டிலேயே பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் இயற்றப்பட்டன.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (2012) சமய நிறுவனங்களைப் பெயர் சுட்டியே பேசுகிறது. கல்வி நிறுவனம் அல்லது சமய நிறுவனத்தின் நிருவாகத்தினரோ பணியாளரோ அங்குள்ள குழந்தையிடம் புரியும் குற்றம் கடுமையான வகையாகக் கருதப்பட்டு, கூடுதல் தண்டனைக்கு உரியதாகிறது. தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைக் காவல்துறைக்குத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். நிறுவனத்துக்குள்ளேயே விசாரித்து முடித்துக்கொள்வது சட்டப்படி போதாது.

குடிநீர்: பென்னாகரம் வட்டார நிலை

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் உள்ளிட்ட பகுதிகளின் பள்ளிகளுக்குக் கூடுதலான ஒரு சிக்கல் உண்டு. இம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுந்துள்ளது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயது வரை, மிகுதியான புளோரைடை உட்கொள்ளும் குழந்தைகளின் பற்களில் கறை படிகிறது. இக்கறை தானாக மறைவதில்லை. நீண்டகாலம் உட்கொண்டால் எலும்பும் பாதிக்கப்படும். நீரைக் கொதிக்க வைத்தால் புளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

சப்பானிய நிதியுதவியுடன் நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வகுக்கப்பட்டது. 2008 இல் அடிக்கல் நாட்டப்பட்ட இத்திட்டம் 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது. பென்னாகரம் வட்டத்தில் உள்ள ஒகேனக்கல்லில் காவிரியிலிருந்து எடுக்கப்படும் நீர் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்கு வழங்கப்படுகிறது. பள்ளியில் ஆழ்துளைக் கிணற்று நீரும் காவிரி நீரும் ஒரே தொட்டியில் கலக்கப்பட்டால் திட்டத்தின் பயன் குறைந்துவிடும். எனவே குடிப்பதற்கான குழாயைத் தனியே பிரித்து வைப்பதும், அந்நீரை ஆண்டுதோறும் ஆய்வகத்தில் சோதிப்பதும் இப்பகுதிப் பள்ளிகளுக்கு இன்றியமையாதவை.