இலுப்பைப் பூவுக்கு வந்த சட்டம்



ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்போம். நமக்கு அந்த மரம் என்றால் விளக்கெரிக்கும் எண்ணெய்தான் ஞாபகம் வரும். மராட்டியக் காடுகளிலும் அதே இனம் உண்டு. இலை கொஞ்சம் அகலம், மோஹா என்பார்கள்.

பங்குனி, சித்திரையில் விடியற்காலம் பூ பொலபொலவென்று உதிரும். வார்லி, காத்கரி ஆதிவாசிகள் அதைப் பொறுக்கி, திராட்சை போலக் காயவைப்பார்கள். சர்க்கரைச் சத்து மிகுதி. பஞ்சம் வந்தால் அதுவே ஆகாரம். தண்ணீரில் ஊறப்போட்டால் சில நாளில் நுரைத்துப் புளிக்கும். பானையிலிட்டு வடித்தால் சாராயம். கல்யாணத்துக்கும் சாமிக்கும் அது வேணும்.

1878இல் பம்பாய் ஆப்காரிச் சட்டம் வந்தது. வீட்டில் வடிப்பது போய், ஊரண் என்ற கடலோர ஊரில் லைசென்ஸ் பெற்ற பெரிய ஆலைகள் வடித்தன. ஆனாலும் காட்டுக்குள்ளே பானை அடுப்பேறிக்கொண்டுதான் இருந்தது. 1892இல் மோவ்ரா சட்டம் போட்டு, தாணா, கொலாபா ஜில்லாக்களில் லைசென்ஸ் இல்லாமல் பூவைச் சேர்த்து வைப்பதையே தடுத்தார்கள்.

குடியை ஒழிக்கத்தானே என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை! ஊரண் ஆலைகள் வடித்ததும் இதே பூவைத்தான். குஜராத்தின் பஞ்சமகாலிலிருந்து தருவித்தார்கள். அந்தச் சாராயத்தில் சர்க்காருக்கு வரி வந்தது. பசிக்குப் பூ வைத்திருந்தவனும் காய்ச்ச வைத்திருந்தவனும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான்.