பகைவனின் பகைவன்: கண்டியரசின் கூட்டுறவு அரசியல்

பெலோப்பொனீசியப் போரின் பிற்பகுதியில், எதென்சின் கடற்படையை வெல்லும் பொருள்வலியற்ற ஸ்பார்ட்டா, கிரேக்கரின் பழம்பகையான பாரசீகத்தை நாடியது. அவ்வுதவிக்கு விலையாக, சின்னாசியாவின் கிரேக்க நகரங்கள் மீது பாரசீக மன்னன் கோரிய உரிமையை அது ஏற்றது. கி.மு. 404இல் எதென்ஸ் பணிந்தபோது, அந்நகரையே அழித்துவிட வேண்டுமென வற்புறுத்திய கொரிந்தும் தீப்சும், கி.மு. 395இல் அதே எதென்சோடு சேர்ந்து ஸ்பார்ட்டாவை எதிர்த்தன. பொதுப்பகை நீங்கின் நட்பும் நீங்கும் என்பதற்குக் கண்டியின் வரலாறும் சான்று பகரும்.

பேராதனைக்கு எதிரே, மகாவலி கங்கையின் மறுகரையில் அமைந்தது கன்னொறுவை. 1638 மார்ச் 28ஆம் நாள், இரண்டாம் இராசசிங்கனின் படை போர்த்துக்கேயப் படையை அங்கு அழித்தொழித்தது. ஆயினும் மன்னனிடம் கடற்படை இருக்கவில்லை. கடல்வழியே உதவி பெற்றுவந்த கரையோரக் கோட்டைகளை மலைநாட்டுப் படையால் மட்டும் வெல்லுதல் அரிது. இக்குறையை நிரப்பவே ஒல்லாந்தர் அழைக்கப்பட்டனர்.

அவ்வாண்டு மே 23இல் மட்டக்களப்பில் வெஸ்டர்வோல்டுடன் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. போர்ச் செலவைக் கறுவா முதலிய பொருட்களால் ஈடுசெய்ய மன்னன் இசைந்தான். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படை நிற்பது மன்னன் விரும்பினால் மட்டுமே என்னும் நிபந்தனை, ஒல்லாந்தரின் படியில் இடம்பெறவில்லை. திருகோணமலையும் மட்டக்களப்பும் மன்னனிடம் ஒப்படைக்கப்பட்டன; 1640இல் வீழ்ந்த காலியோ கடனைக் காரணங்காட்டி நிறுத்திவைக்கப்பட்டது. 1656இல் கொழும்பு வீழ்ந்தபோதும் அதன் வாயில் மன்னனுக்குத் திறக்கப்படவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்னும் சிங்களப் பழமொழி இந்நிகழ்ச்சியோடு இணைத்தே பேசப்படுகிறது.

இதனைக் கண்டியரசின் அறியாமை எனக் கொள்ளுதல் பொருந்தாது. 1672இல் திருகோணமலைக்கு வந்த பிரெஞ்சுக்காரரை இராசசிங்கன் வரவேற்றான். ஒல்லாந்தர் அவர்களை விரட்டினர். 1762இல் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில் ஆங்கிலத் தூதுவர் பைபஸ் வந்தார். உறுதியான உதவி எதுவும் கிட்டவில்லை. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதையும் கண்டி இழந்தது. 1782இல் ஹியூ பொய்ட் நட்புறவு கோரியபோது, ஆங்கில மன்னனே நேரில் உடன்படிக்கை செய்யவேண்டுமெனக் கண்டி வற்புறுத்தியது. பட்டறிவு தந்த எச்சரிக்கை அதுவாகும்.

கிரேக்க நகரங்கட்கும் கண்டிக்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் புலனாகின்றது. வலியிற் பெரிதும் ஏற்றத்தாழ்வற்ற பல அரசுகள் அருகருகே இருந்தமையால், ஒரு நண்பன் பகைவனாயின் மற்றொருவனை நாடத் தீப்சால் இயன்றது. கண்டிக்கோ, கடலை ஆண்டவன் ஒருவன். அவனை வெல்லக்கூடியவன் தொலைவிலிருந்து வரவேண்டியவன். 1796இல் கொழும்பு பிரித்தானியர் வசமானபின், அழைப்பதற்கு மற்றொரு பகைவன் எஞ்சவில்லை.

ஓர் ஒற்றுமையும் உண்டு. கி.மு. 427இல் கொர்சைராவின் உட்கட்சிகள் எதென்சையும் ஸ்பார்ட்டாவையும் தத்தம் துணைக்கு அழைத்து நகரைக் குருதியில் ஆழ்த்தின. 1803இல் பிரித்தானியப் படையெடுப்பை முறியடித்த கண்டியும், மன்னனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே மூண்ட பகையால் 1815 மார்ச் 2இல் உடன்படிக்கை மூலம் வீழ்ந்தது. ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832இல் மறைந்தான். புறத்தே நண்பரைத் தேடிய அரசு, இறுதியில் அகத்தே அவரை இழந்தது.