கல் நின்ற இடமும் நீர் நின்ற இடமும்

திருவரங்கத்தில் நில எல்லை பேசுவோர் முதலில் ஆற்றைப் பேசியாக வேண்டும். பழைய சாசனங்கள் நான்கெல்லை கூறுகையில் ஆற்றையும் வாய்க்காலையுமே எல்லையாகச் சுட்டும். பெருமாள் நிலமாயின் திருவாழிக்கல்லும் நாட்டுவர். கல் நட்ட இடத்தில் நிற்கும். ஆறு நிற்குமா?

நின்றதில்லை. கொள்ளிடம் ஆழ்ந்து காவிரி தூர்ந்துவந்ததால்தான் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணை எழுப்பத் தொடங்கினார். நீரின் பங்கு மாறியது. கரையோரப் படுகைகளின் தலையெழுத்தும் உடன் மாறியது. (நம் வரலாற்று நூல்கள் பாசனப் பெருமையோடு நின்றுவிடுகின்றன.)

1923ஆம் ஆண்டின் சென்னை நில அளவை, எல்லைகள் சட்டம் கல்லின் பக்கம் நின்றது: அறிவிக்கை வெளியானபின் அளந்து நட்ட எல்லையே முடிந்த சான்று. ஆனால் சங்கிலி பிடித்து வரைந்த பழைய புலப்படத்தில் கல்லுக்குக் கல் தூரம் உண்டு, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இல்லை. செயற்கைக்கோள் படங்கொண்டு வரையும் வெள்ளப்படமோ அந்த ரேகைகளையே அறியும். ஒன்றன்மேல் ஒன்றை வைக்கையில் சில அடிகள் பிசகினாலே ஒருவர் மனை நீருக்குள் போய்விடும், மற்றொருவருடையது கரையேறிவிடும். மனையின் விலையும் கட்டட அனுமதியும் அந்தச் சில அடிகளில்தான் இருக்கின்றன. களத்தில் எஞ்சிய அளவைக் கற்களைத் தேடி, அவற்றின் ரேகைகளைக் குறித்து, புலப்படத்தை அவற்றில் பொருத்துவதே வழி. துணிதுவைக்கும் கல்லாகிவிட்டவை போக மீதி கிடைக்கும்.

பொருத்தியபின்னும் எஞ்சும் வேறுபாடு பிழையன்று. நிலம் யாருடையது என்று ஒரு படம் சொல்கிறது, எத்தனை நீர் வந்தால் எதுவரை ஏறும் என்று மற்றது சொல்கிறது. பட்டாவைக் காட்டி இரண்டாவதை அழிக்கக் கேட்பது முறையாகாது. அதுவும் மதகுகள் நிற்கும் என்ற நம்பிக்கையில் வரையப்படுவது. 2018 ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத் தலைப்பின் 9 மதகுகளை வெள்ளம் கொண்டுபோயிற்று.