ஒரு நாள் ஃபெர்ரி டிரிப் போய்ட்டு வந்தா லைசென்ஸ் கெடு புதுசாகுமா? வெளிநாட்டில் வண்டி ஓட்டுறவங்க கவனத்துக்கு!

"இந்தியா லைசென்ஸ் அங்க ஒரு வருஷம்தான் செல்லும் மாப்ள. அது முடியுறதுக்குள்ள ஒரு நாள் ஃபெர்ரி ஏறி பக்கத்து நாட்டுக்குப் போய்ட்டு வந்துரு. திரும்பி வரும்போது பாஸ்போர்ட்ல புது ஸ்டாம்ப் அடிப்பான். அப்புறம் என்ன, இன்னொரு வருஷம் ஓட்டலாம்!"

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு யோசனையை நீங்களும் பார்த்திருக்கலாம். சிங்கப்பூரில் இருப்பவருக்கு அந்தப் பக்கத்து ஊர் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு. ஜப்பானின் ஃபுகுவோகாவில் இருப்பவருக்குத் தென்கொரியாவின் பூசான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இது வெறும் அரட்டை இல்லை. மழை பெய்தால்தான் வெள்ளாமை, கண்மாய் நிரம்பினால்தான் நெல் என்றிருக்கிற மானாவாரி காட்டில், டி.என்.67 போட்ட லைசென்ஸும் பேட்ஜும் கையில் ஒரு தொழில் இருக்கிற மாதிரி. "எங்க போனாலும் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுப் பிழைச்சுக்கலாம்" என்று நகையை அடகு வைத்து ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். போன இடத்தில் அந்த லைசென்ஸ் செல்லாமல் போனால், அடகும் போச்சு, வேலையும் போச்சு. அதனால் இந்த ஃபெர்ரி யோசனை உண்மையிலேயே வேலைக்கு ஆகுமா என்று கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம்.

அந்த ஒரு வருஷக் கணக்கு எங்கேருந்து வந்துச்சு?

1949 செப்டம்பர் 19-ம் தேதி ஜெனீவாவில் சாலைப் போக்குவரத்து பற்றி ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. ஒரு நாட்டின் லைசென்ஸை இன்னொரு நாட்டில் எப்படி மதிப்பது என்பதற்கு நம் ஊர் ஆர்.டி.ஓ. இன்றைக்கும் பின்பற்றுவது அதைத்தான். நாம் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று சொல்கிற ஐ.டி.பி.யும் அந்த உடன்படிக்கையின்படி தரப்படுவதுதான். இந்தியா அதில் இருக்கிறது. இலங்கை, மலேசியா, ஜப்பான், பிரிட்டன் எல்லாமும் அதில் உண்டு.

அந்த உடன்படிக்கையிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. ஒரு நாட்டுக்குள் தொடர்ச்சியாக ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்ட ஓட்டுநருக்கு இந்தச் சலுகையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்த நாட்டைக் கட்டாயப்படுத்த முடியாது. இதில் 'தொடர்ச்சியாக' என்ற ஒரே ஒரு வார்த்தையிலிருந்துதான் ஃபெர்ரி ஐடியாவே பிறந்தது. தொடர்ச்சி விட்டுப்போனால் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும்தானே? கப்பலேறி ஒரு ராத்திரி வெளியே தங்கிவிட்டு வந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும்தானே?

லாஜிக் என்னவோ சரிதான். ஆனால் இந்த லாஜிக் அரசாங்கங்களுக்கும் தெரியும் இல்லையா? அதோடு, உடன்படிக்கை வைத்திருப்பது வெளி எல்லை மட்டும்தான். அதற்குள் யார் 'வந்து போகிறவர்', யார் 'இங்கேயே குடியிருக்கிறவர்' என்று ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறது. ஃபெர்ரி டிக்கெட் அந்தக் கோட்டைத் தாண்டாது.

ஜப்பான் ஓட்டையை அடைத்த கதை

இந்த ஓட்டையை ரொம்பத் தெளிவாக அடைத்தது ஜப்பான். அங்கே ஐ.டி.பி. வைத்திருப்பவர் நாட்டுக்குள் வந்திறங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் ஓட்டலாம். ஐ.டி.பி. அதற்கு முன்பே காலாவதியானால் அதோடு சரி. பூசானுக்குக் கப்பல் போகிற ஹக்காட்டா துறைமுகம் ஃபுகுவோகா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அப்புறம் யார்தான் சும்மா இருப்பார்கள்?

அதனால் மூன்று மாத விதி வந்தது. ஜப்பானில் குடியிருப்பவராகப் பதிவு செய்துவிட்டு, மறு நுழைவு அனுமதியோடு வெளியே போய், மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்தால் அந்த வருகை கணக்கிலேயே வராது. பழைய தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். ஒரு நாள் போனாலும் 80 நாள் போனாலும் ஒன்றுதான். ஸ்டாம்ப் புதுசு, கெடு பழசு.

உள்ளூர் லைசென்ஸுக்கு மாறுவதும் முன்பு போல ஈஸி இல்லை. 2025 அக்டோபரிலிருந்து, வெளிநாட்டு லைசென்ஸை ஜப்பான் லைசென்ஸாக மாற்றும் எழுத்துத் தேர்வில் 10 கேள்விக்குப் பதில் 50 கேள்வி, 90 சதவிகிதம் எடுத்தால்தான் பாஸ். சுற்றுலா விசாவில் வந்தவர் விண்ணப்பிக்கவே முடியாது. இன்னொன்று, லைசென்ஸ் எடுத்த பிறகு அதைக் கொடுத்த நாட்டில் குறைந்தது மூன்று மாதம் இருந்திருக்க வேண்டும். கிளம்புகிற வாரத்தில் அவசரமாக லைசென்ஸ் எடுத்துவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்: பாத்தாம் போனா சரியாகுமா?

நம்மாட்கள் அதிகம் போகிற இடம் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். ஹார்பர்ஃபிரண்ட்டில் ஏறினால் பாத்தாம் சென்டருக்குச் சுமார் ஒரு மணி நேரம். அங்கே கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால், கிளம்பிய நேரத்துக்கே போய் இறங்கின மாதிரி இருக்கும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா வழக்கமாக 5 லட்சம் ரூபியா. தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இந்தோனேசியப் பணத்தில் அது சின்னத் தொகைதான்.

சிங்கப்பூர் விதி, ஒவ்வொரு முறை வரும்போதும் 12 மாதத்துக்குள் தங்குகிற வெளிநாட்டவர், செல்லுபடியாகும் லைசென்ஸும் ஐ.டி.பி.யும் வைத்து ஓட்டலாம் என்கிறது. அதற்கு மேல் தங்கினால் சிங்கப்பூர் லைசென்ஸ் வேண்டும். 'ஒவ்வொரு முறை வரும்போதும்' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் பாத்தாம் ஐடியாவைச் சொல்கிறார்கள்.

இப்போது யாருக்கு இது பயன்படும் என்று யோசித்துப் பாருங்கள். டூரிஸ்ட்டாகப் போகிறவருக்குப் பொதுவாக 30 நாள்தான் கொடுப்பார்கள். 12 மாதக் கெடுவை அவர் எட்டிப் பார்க்கப் போவதே இல்லை. விசா சிங்கிள் என்ட்ரியாக இருந்துவிட்டால், பாத்தாம் போனவர் திரும்ப சிங்கப்பூருக்குள் வரவே முடியாது, அது தனிக் கூத்து. ஒர்க் பர்மிட்டில் இருக்கிறவர் வருடக்கணக்கில் தங்குவார். ஆனால் அவரை 'வந்து போகிறவர்' என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அதிலும் டிரைவர் வேலைக்கென்றே எடுக்கப்பட்டவர் சிங்கப்பூர் லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும். ஆக, கெடு இருப்பவருக்கு ஃபெர்ரி உதவாது. ஃபெர்ரி உதவக்கூடியவருக்குக் கெடுவே கிடையாது!

லைசென்ஸை மாற்றுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பி.டி.டி. என்கிற அடிப்படை தியரி தேர்வில் 50-க்கு 45 எடுத்துவிட்டால் நம் லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வேலை பாஸில் இருப்பவருக்கு அப்படி மாற்றிக் கொடுப்பது 3சி வகுப்பு. அதில் கார் ஓட்டலாம், சரக்கு வண்டி ஓட்ட முடியாது. "ஊர்ல பத்து வருஷம் லாரி ஓட்டியிருக்கேன்" என்கிற அனுபவம் அங்கே கணக்கில் வராது. கம்பெனி லாரியை எடுக்க வேண்டுமென்றால் அதற்கான வகுப்புக்கு ஓட்டிக் காட்டித்தான் பாஸாக வேண்டும்.

"சூப்பர்வைசர்தான் எடுக்கச் சொன்னார்" என்பது தப்பிக்கும் வழி இல்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறையே 10,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், அல்லது மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டச் சொன்ன முதலாளிக்கும் சட்டத்தில் தண்டனை இருக்கிறது. சிறைக்குப் போய் வந்தவருக்கு ஒர்க் பர்மிட் மிஞ்சும் என்று நம்புவதற்கில்லை. விபத்து வேறு ஆகிவிட்டால், லைசென்ஸ் செல்லாத ஓட்டுநருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி துணை நிற்காது.

மற்ற ஊர்கள் சுருக்கமாக

துபாய் உட்பட அமீரகம் முழுவதும் விசிட் விசாவில் ஐ.டி.பி. செல்லும். ரெசிடென்ஸ் விசா அடித்த பிறகு செல்லாது, உள்ளூர் லைசென்ஸ் எடுக்க வேண்டியதுதான். விசா மாற்ற ஈரானின் கிஷ் தீவுக்குப் போய் வந்த கதையை வளைகுடாவில் இருந்த சித்தப்பா, மாமா யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அது விசாவுக்கான வழி, லைசென்ஸுக்கு இல்லை. பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம். அதற்குள் அங்கே டெஸ்ட் எடுத்து பாஸாக வேண்டும். இடையில் கடல் தாண்டி ஒரு நாள் பிரான்ஸ் போய் வந்தாலும், நீங்கள் குடியிருப்பவர் என்பது மாறாது.

ஃபெர்ரி ஐடியா எடுபடுவது ஓர் இடத்தில்தான். ஒரு நாட்டில் வீடோ வேலையோ இல்லாமல், உண்மையிலேயே அடிக்கடி வந்து போகிற சுற்றுலா ஆளாக இருந்தால், அங்கே ஒவ்வொரு வருகையும் புதுக் கணக்குதான். அதிலும் இந்திய லைசென்ஸ்காரருக்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது.

நம்ம பக்கம் ஓடுகிற கெடு

பாஸ்போர்ட் ஸ்டாம்ப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பியுங்கள், உங்கள் ஐ.டி.பி.யின் தேதி நகராது. இந்தியாவில் தரப்படும் ஐ.டி.பி.க்கு ஆயுள் ஒரு வருடம். இங்கே கையில் வாங்கிய தேதியிலிருந்து எண்ணுவார்கள், அங்கே போய் இறங்கிய தேதியிலிருந்து இல்லை. மார்ச்சில் வாங்கி வைத்துவிட்டு விசா லேட்டாகி ஆகஸ்ட்டில் கிளம்பினால், ஐந்து மாதம் ஊரிலேயே கரைந்துவிடும். எனவே டிக்கெட் உறுதியான பிறகு எடுங்கள். முன்பெல்லாம் விசா பக்கத்தைக் காட்டச் சொல்வார்கள், மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்பார்கள். 2021 ஜனவரி 7-ம் தேதி அறிவிப்பில் மத்திய அரசு இரண்டையும் தளர்த்திவிட்டது.

எடுப்பது சுலபம். பரிவாஹன் தளத்தில் சாரதி பகுதிக்குப் போய், படிவம் 4ஏ நிரப்பி, 1,000 ரூபாய் கட்ட வேண்டும். லைசென்ஸில் இருக்கிற முகவரிக்கு உரிய ஆர்.டி.ஓ. ஆபீஸில்தான் வேலை நடக்கும். சென்னையிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு லைசென்ஸ் மட்டும் ஊர் முகவரியில் இருந்தால் இதை முன்கூட்டியே யோசியுங்கள்.

இன்ஸ்டாகிராமில் 'மூன்று வருட இன்டர்நேஷனல் லைசென்ஸ், வீட்டுக்கே வரும்' என்று விளம்பரம் வந்தால் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். 1949 உடன்படிக்கையின்படி தரும் ஐ.டி.பி. ஒரு வருடத்துக்கு மேல் இருக்கவே முடியாது. தனியார் தளத்தில் அச்சடித்துத் தருவது அழகான அட்டை மட்டும்தான், போலீஸ் முன்னால் அதற்கு மதிப்பில்லை. ஒரிஜினல் லைசென்ஸ் அட்டையும் கூடவே இருக்க வேண்டும். டிஜிலாக்கர் எல்லாம் நம் ஊரோடு சரி.

வெளிநாட்டில் இருக்கும்போதே ஐ.டி.பி. முடிந்துவிட்டால்? ஊருக்கு வர வேண்டியதில்லை. அதே 2021 அறிவிப்பு இதற்கும் வழி சொல்கிறது. அங்குள்ள இந்தியத் தூதரகம் மூலம் விண்ணப்பித்தால் அது உங்கள் ஆர்.டி.ஓ.வுக்கு வரும், புது ஐ.டி.பி. வெளிநாட்டு முகவரிக்குக் கூரியரில் போகும். இதற்கு அடிப்படை லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். 30 வயதுக்குள் எடுத்த சாதாரண லைசென்ஸ் 40 வயது வரை தாங்கும். பேட்ஜ், ஹெவி வைத்திருப்பவருக்கு அந்தச் சொகுசு இல்லை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு பர்மிட் காலம் முடித்துவிட்டு ஊருக்கு வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நமக்குப் பக்கத்துல இருக்கிற ஃபெர்ரி

நமக்கும் ஒரு ஃபெர்ரி இருக்கிறது. 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பல் சேவை 1964 டிசம்பர் புயலோடு போனது. ராமேஸ்வரத்திலிருந்து ஓடியதும் 80-களில் நின்றது. பிறகு 2023 அக்டோபர் 14-ம் தேதி நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கியது. 2024 ஆகஸ்ட் 16-ல் மறுபடி தொடங்கியபோது வந்த கப்பலின் பெயர், நம் பக்கத்து மாவட்டத்தின் பெயரேதான்: 'சிவகங்கை'. கடல் பயணம் சுமார் நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் தேதியைப் பார்த்துக் கிளம்புங்கள்.

இதில் வண்டியை ஏற்ற முடியாது, ஆட்கள் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் இறங்கி ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க நினைத்தால் இந்திய ஐ.டி.பி. மட்டும் போதாது. கொழும்பில் உள்ள சிலோன் ஆட்டோமொபைல் அசோசியேஷனில் அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும், அல்லது அந்நாட்டு மோட்டார் போக்குவரத்துத் துறையின் தற்காலிக அனுமதி வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த அனுமதியைத் தர 2025 ஆகஸ்ட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கவுன்டர் திறந்தார்கள். அது இருப்பது கட்டுநாயக்கவில், நீங்கள் இறங்குவது காங்கேசன்துறையில். கார் லைசென்ஸ் மட்டும் இருந்தால் ஸ்கூட்டரும் ஆட்டோவும் ஓட்ட முடியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதே கதை திசை மாறி நம் ஊரிலும் நடக்கலாம். ரமணர் பிறந்த திருச்சுழியில் அவர் வீடான சுந்தர மந்திரத்தைப் பார்க்க, திருவண்ணாமலையில் தங்கியிருக்கும் வெளிநாட்டவர்கள் வருவது உண்டு. அவர்களில் யாராவது வாடகை புல்லட்டில் வந்து உங்களிடம் வழி கேட்டால், அவரும் தன் நாட்டு ஐ.டி.பி.யில்தான் ஓட்டியாக வேண்டும். விசா நாள் தீரப் போகிறதென்று இலங்கைக்குப் போய் வருகிறவர், தன் விசாவில் நாகப்பட்டினம் துறைமுகம் வழியாக உள்ளே வர அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வந்த பிறகு பையிலிருந்து ஐ.டி.பி.யை எடுத்து முடியும் தேதியையும் பார்க்க வேண்டும். அவர் புல்லட்டை எடுக்கலாமா வேண்டாமா என்பது அந்தத் தேதியில் இருக்கிறது.