தொலைந்த திறப்பும் ஒல்லாந்தர் காலத்துச் செபமாலையும்

எங்கட வீட்டில் திறப்பு காணாமல் போனால், தேடத் தொடங்க முதல் அம்மம்மா அந்தோனியாரைக் கூப்பிடுவா. "அந்தோனியாரே, கண்ணில காட்டப்பா" எண்டு சொல்லிக்கொண்டுதான் அலுமாரியைத் திறப்பா. கிடைச்சால் செவ்வாய்க்கிழமை ஒரு மெழுகுதிரி. கிடைக்காட்டில், "அவருக்கும் ஆயிரம் வேலை" எண்டு சிரிச்சுக்கொண்டு பூட்டை உடைக்க ஆள் தேடுவா.

கம்பஸுக்கு வந்த பிறகுதான் இது மற்ற ஆக்களுக்கு எவ்வளவு விசித்திரமாகத் தெரியும் எண்டு விளங்கினது. என்னோட ஒரே அறையில் இருந்த சைவத் தோழி ஒருநாள் கேட்டாள்: "கடவுள் இருக்கேக்குள்ள ஏனடி இத்தனை பேரிட்டக் கேக்கிறீங்கள்? வேலை எடுக்கிறதுக்கு எம்.பி.யிட்ட சிபாரிசுக் கடிதம் வாங்கிற மாதிரியெல்லோ இருக்கு." பக்கத்தில் இருந்த இன்னொருத்தி சபைக்குப் போறவள். அவள் சுருக்கமாக முடிச்சாள்: "அது சிலை வணக்கம்."

எனக்கு ரெண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியேல்ல. ஞாயிறு மறைக்கல்வியில் படிச்ச பதில் ஒன்று இருந்தது: ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதர்களுக்கு வணக்கம், அவர்கள் எங்களுக்காகப் பரிந்து பேசுபவர்கள். அதைச் சொன்னேன். சொல்லும்போதே அது வாய்ப்பாடு மாதிரி இருந்தது எனக்கே தெரிஞ்சுது. அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வியை வரலாற்றுக்குள் கொண்டுபோய்ப் பார்க்கத் தொடங்கினேன். ஏனென்றால் "சிலை வணக்கம்" எண்ட அந்தக் குற்றச்சாட்டு எங்கட மண்ணில் ஒரு காலத்தில் அரசாங்கத்தின் சட்டமாகவே இருந்தது.

கப்பலில் வந்த புனிதர்கள்

முதலில் சங்கடமான பகுதியைச் சொல்லிவிட வேணும். அந்தோனியார் எங்களிட்ட வந்த வழி அவ்வளவு சுத்தமானது அல்ல.

அவர் 1195ஆம் ஆண்டு போர்த்துக்கலின் லிஸ்பன் நகரில் பிறந்தவர். பிரான்சிஸ்கன் துறவி. 1231 ஜூன் 13 அன்று இத்தாலியின் பதுவை நகருக்கு அருகில் இறந்தார். அடுத்த வருடமே புனிதராக அறிவிக்கப்பட்டார். தொலைந்த பொருளுக்கும் அவருக்கும் உள்ள தொடர்புக்கு ஒரு கதை சொல்லுவார்கள். அவர் தன் குறிப்புகளை எழுதி வைத்திருந்த சங்கீதப் புத்தகத்தை மடத்தில் இருந்த ஒரு இளைஞன் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அந்தோனியார் செபித்தார், அவன் புத்தகத்தோடு திரும்பி வந்தான். அச்சு இல்லாத காலத்தில் ஒரு கையெழுத்துப் புத்தகம் எவ்வளவு பெறுமதி எண்டு யோசிச்சால், அந்தச் செபத்தின் அவதி விளங்கும்.

1543இல் பிரான்சிஸ்கன் குருமார் கோட்டை இராச்சியத்துக்கு வந்தார்கள். தங்கள் நாட்டுப் புனிதரைப் போர்த்துக்கேயர் போன இடமெல்லாம் கொண்டுபோனதில் ஆச்சரியமில்லை. அதே காலத்தில் முத்துக்குளித்துறைக் கரையில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார் தன் சார்பில் ஒரு குருவை மன்னாருக்கு அனுப்பினார். அங்கு பலர் திருமுழுக்குப் பெற்றார்கள். யாழ்ப்பாண மன்னன் சங்கிலிக்கு அது மதம் மாறுவதாக மட்டும் தெரியவில்லை, போர்த்துக்கேய அரசனின் பக்கம் சாய்வதாகத் தெரிந்தது. 1544இல் ஏறத்தாழ 600 பேர் கொல்லப்பட்டார்கள். மன்னார் மக்கள் இன்றும் அவர்களை வேதசாட்சிகளாக நினைவுகூருகிறார்கள்.

அதன் மறுபக்கமும் இருக்கிறது. 1619இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உட்படச் சைவக் கோயில்கள் இடிக்கப்பட்டன. அரச அதிகாரத்தின் நிழலில் திருமுழுக்குகள் நடந்தன. என் தோழியின் மூதாதையருக்கு இந்தப் புனிதர்கள் யாரோடு சேர்ந்து வந்தவர்களாகத் தெரிஞ்சிருப்பார்கள் எண்டதை மறந்துவிட்டு நான் பக்தியைப் பற்றி எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

ஆனால் அந்தக் காலத்திலேயே வேறொன்றும் நடந்தது. 1647இல் சந்தியோகுமையோர் அம்மானை தமிழில் பாடப்பட்டது. வெளியூர்ப் புனிதர் ஒருவரின் கதை எங்கட ஆக்களுக்குப் பழக்கமான அம்மானை மெட்டுக்குள் வந்துவிட்டது. அரசாங்கம் திணித்ததை மக்கள் தங்கட பாட்டாக மாற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பாட்டு எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது எண்டு சோதிக்கும் காலம் பதினொரு வருடத்தில் வந்தது.

குரு இல்லாத 29 வருடம்

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அவர்கள் கல்வினின் வழிவந்த சீர்திருத்த சபையினர். ஐரோப்பாவில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தத்தாருக்கும் இடையில் நடந்த பெரிய சண்டைகளில் ஒன்று புனிதர்களையும் சுரூபங்களையும் பற்றியது. 1563இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் புனிதர்களின் பரிந்துரையைக் கேட்பது நல்லது எண்டு உறுதிப்படுத்தியது. சுரூபத்துக்குக் காட்டும் மரியாதை மரத்துக்கோ கல்லுக்கோ அல்ல, அது குறித்துக்காட்டும் ஆளுக்குத்தான் எண்டும் சொன்னது. கல்வினியருக்கு அது வெறும் சாட்டு.

இந்தச் சண்டை எங்கட ஊர்களுக்குச் சட்டமாக வந்து சேர்ந்தது. கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை எண்டு அதே வருடம் அறிவிக்கப்பட்டது. கோயில்கள் சீர்திருத்த சபையின் கோயில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாட்டில் குற்றப்பணம். திருமணமும் திருமுழுக்கும் சபைப் பதிவில் இருந்தால்தான் சட்டத்தில் செல்லும். உத்தியோகம் வேணுமெண்டாலும் அந்தப் பதிவு வேணும்.

இங்கே நான் கொஞ்சம் நின்று யோசித்தேன். சிபாரிசுக் கடிதம் எண்டு என் தோழி சொன்னாளே? அந்தக் காலத்தில் சிபாரிசு வேணுமெண்டால் ஒல்லாந்தப் பாதிரியாரிட்டப் போக வேணும். காணி, உத்தியோகம், பிள்ளையின் உரிமை எல்லாம் அந்தப் பக்கம்தான் இருந்தது. அந்தோனியாரைக் கூப்பிடுவதில் கிடைக்கக்கூடியது குற்றப்பணமும் அடியும்தான்.

பலர் இரண்டு பக்கமும் வாழ்ந்தார்கள். பகலில் பதிவேட்டில் பெயர். இரவில் வீட்டுக்குள் செபமாலை. எல்லாரையும் வீரர்களாக்க நான் விரும்பவில்லை. பயந்தவர்கள், விட்டுப்போனவர்கள், சைவத்துக்குத் திரும்பியவர்கள் எண்டு எல்லாரும் இருந்தார்கள். ஆனாலும் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகும்போது அவஸ்தைப்பூசுதல் இல்லை எண்ட நிலையில் 29 வருடம் ஒரு சமூகம் எதை வைத்துக்கொண்டு நின்றது? மனப்பாடமாகத் தெரிந்த செபங்களும், செபமாலை மணிகளும், புனிதர்களின் பெயர்களும்தான். குரு செய்ய வேண்டியதைச் செய்ய ஆள் இல்லாதபோது, பொதுநிலையினர் செய்யக்கூடியது மட்டும் மிச்சமிருந்தது. அது ஒன்றாக இருந்து செபிப்பது.

கழுத்தில் செபமாலையோடு ஒரு பிச்சைக்காரர்

1687இல் தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து ஒரு கூலியாள் வேடத்தில் கோவாக் குரு ஒருவர் கடல் கடந்து வந்தார். பெயர் யோசேவாஸ். 1651 ஏப்ரல் 21 அன்று பெனோலிம் கிராமத்தில் பிறந்தவர். அவரோடு யோவான் எண்ட பணியாள் மட்டும். வந்து சேர்ந்ததும் வயிற்றோட்டத்தில் சாகக் கிடந்தார்.

எழும்பி நடக்கத் தொடங்கினதும் அவருக்கு ஒரு பெரிய பிரச்சினை. கத்தோலிக்கர் யார் எண்டு யாரிட்டக் கேட்பது? கேட்டால் பிடிபடுவார். அவர் செய்தது இதுதான்: கழுத்தில் செபமாலையைத் தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். யாருடைய கண் அந்த மணிகளில் நிக்குது எண்டு பார்த்தார். கடைசியில் ஒரு வீட்டில் அடையாளம் கண்டுகொண்டார்கள். பிறகு அவரைச் சில்லாலைக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தார்கள். இரவில் திருப்பலி, பகலில் மறைவு.

இந்தக் காட்சியை நான் முதலில் யோசேவாஸின் கெட்டித்தனமாகத்தான் வாசித்தேன். இப்போது கதவுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெயர் தெரியாத ஆக்களைத்தான் யோசிக்கிறேன். 29 வருடத்துக்குப் பிறகும் அந்த மணிகளைக் கண்டதும் அடையாளம் தெரிய வேணுமெண்டால், அந்த வீட்டில் யாரோ ஒருவர், அனேகமாக ஒரு அம்மாவோ அம்மம்மாவோ, இரவில் பிள்ளைகளை இருத்தி அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேணும். அவர்களின் பெயர் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் இல்லை.

1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தச் சிப்பாய்கள் கூடியிருந்தவர்களைச் சுற்றி வளைத்தார்கள். யோசேவாஸ் தப்பினார்; பிடிபட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பிறகு அவர் புத்தளம் போய், 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய உளவாளி எண்ட சந்தேகத்தில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையில் போட்டான். விடுதலையான பின் அதே மன்னனின் பாதுகாப்பில்தான் பணி தொடர்ந்தது. கிறிஸ்தவ ஒல்லாந்தர் துரத்திய ஒரு கத்தோலிக்கக் குருவுக்குப் பௌத்த மன்னன் இடம் கொடுத்தான். எங்கட நாட்டு வரலாற்றில் நாங்கள் அடிக்கடி சொல்ல வேண்டிய வசனம் இது.

1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. நோயாளிகளைச் சொந்தக்காரரே காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். யோசேவாஸும் அவரது தோழர் கர்வாலோ அடிகளாரும் கொட்டில் போட்டு அவர்களைப் பராமரித்தார்கள், புண் கழுவினார்கள், செத்தவர்களை அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கரா, பௌத்தரா எண்டு பார்க்கவில்லை.

அவர் சேர்ந்திருந்த சபையின் பெயர் ஒரட்டோரியன் சபை. இலத்தீனில் அந்தச் சொல்லின் வேர் 'செபித்தல்'. செபக்கூடத்தின் பெயரைக் கொண்ட சபைக்காரர் அம்மைக் கொட்டிலில் நின்றது முரண்பாடாக எனக்குத் தெரியவில்லை. பத்து வருடம் இரவிரவாகச் செபித்தவர் பகலில் என்ன செய்யப் பழகியிருந்தார் எண்டு அந்த வருடம் வெளியில் தெரிந்தது, அவ்வளவுதான்.

1711 ஜனவரி 16 அன்று கண்டியில் அவர் இறந்தார். அவருக்குப் பின் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். அவரது வியாகுலப் பிரசங்கம் தவக்காலங்களில் எங்கட ஊர்களில் ராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. 1806இல் ஆங்கிலேயர் இங்கே கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கினார்கள். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவாஸைப் புனிதராக அறிவித்தார். அன்று பின்னேரமே அவர் மடுவுக்கும் போனார்.

மடுவும் கேட்கப்படாத செபங்களும்

மடுமாதாவின் சுரூபமும் ஒல்லாந்தருக்குப் பயந்து ஓடியதுதான். மாந்தையில் இருந்து 1670 அளவில் சில குடும்பங்கள் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதாக வழிவழியாகச் சொல்லுவார்கள். முன்னூறு வருடத்துக்குப் பிறகு எங்கட பெற்றோரின் தலைமுறை அதே காட்டுக்குள், அதே அம்மாவிட்ட அடைக்கலம் தேடிப் போனது. 1999 நவம்பர் 20 அன்று அங்கே விழுந்த எறிகணைகளில் 40 பேரளவில் செத்தார்கள். 2008இல் சுரூபமே மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது.

கோயிலில் அடைக்கலம் தேடி இருந்தவர்கள்தான் செத்தார்கள். சிபாரிசு எண்டால் அது பலிக்கவில்லை. ஆனாலும் ஆவணித் திருவிழாவுக்குச் சனம் போகுது. செத்தவர்களின் வீட்டாரும் போகினம். கொடுத்தால் கும்பிடுவேன், கொடுக்காட்டில் விடுவேன் எண்ட கணக்காக மட்டும் இது இருந்திருந்தால், அந்த நவம்பரோடு முடிஞ்சிருக்கும்.

அதற்காக எல்லாப் பக்தியும் அன்புதான் எண்டு நான் சொல்லவில்லை. நேர்த்திக்கடன் பேரம் பேசலாக முடிகிற வீடுகள் எனக்குத் தெரியும். ஒரே செபமாலையைச் சொல்லிவிட்டுச் சாதி பார்த்துத் தள்ளி இருந்த கோயில்களும் எங்கட பக்கத்தில் இருந்தன. செபம் ஒருவரைத் தானாக மாற்றிவிடாது. ஆனால் ஒருவரோடு பழகப் பழக அவரின் குணம் கொஞ்சமாவது ஒட்டுமெல்லோ? புனிதர்களைக் கூப்பிடுவதன் பயன் அங்கேதான் இருக்கு எண்டு இப்ப நினைக்கிறேன். கடவுளை அன்பு செய்ய எப்படிப் பழகுவது எண்டு தெரியாத எங்களுக்கு, முதலே பழகின சில ஆக்களை அறிமுகப்படுத்தி வைக்கிற மாதிரி.

போன லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மம்மாவிட்ட நேரடியாகவே கேட்டேன். திறப்புக்குக்கூட ஏன் அந்தோனியாரைக் கரைச்சல்படுத்திறீங்கள்? அவ செபமாலையை மடியில் வைச்சுக்கொண்டு சொன்னா:

"பழகின ஆளெண்டபடியால் கேக்கிறன் பிள்ளை. கேக்கிறதுக்காகப் பழகேல்ல."

திரும்பி வந்து அதைத் தோழியிட்டச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "எங்கட ஆச்சியும் பிள்ளையாரோட அப்பிடித்தான் கதைக்கிறவ."