ஒலிப்பெட்டியும் இலவம் பஞ்சும்



ஒலியைப் பெருக்குவதற்கு மனிதன் மேற்கொண்ட முயற்சிகளைப் பலரும் அறிவர். வேண்டாத ஒலியை அடக்குவதற்கு அவன் மேற்கொண்ட முயற்சிகளோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வீட்டிலே தம் கையால் ஒலிபெருக்கிப் பெட்டி செய்வோர் அதனுள்ளே பஞ்சையும் கம்பளியையும் திணிப்பதைக் காண்கிறோம். ஒலி வெளிவரவேண்டிய பெட்டிக்குள் ஒலியை விழுங்கும் பொருளை ஏன் வைத்தல் வேண்டும்? இக்கேள்வியின் வரலாறு ஒரு வகுப்பறையிலே தொடங்குகிறது.

அதற்கு முன் நம்முடைய மரபைச் சிறிது நோக்குவோம். நம் இசைக் கருவிகளிலே பெட்டி என்பது பாடும் உறுப்பாகும். யாழுக்குப் பத்தரும் வீணைக்குக் குடமும் உயிர் போன்றவை. காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ் நூலிலே பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் சுருதிகளையும் கணித முறையால் ஆராய்ந்து கூறினார். மரம் ஒலியைத் தாங்கிச் செல்லும் இயல்பினை மட்டக்களப்பு வாவியும் காட்டியதுண்டு. 1848இல் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி, இரவிலே தோணியிற் சென்று, நீரினடியிலிருந்து எழுந்த இன்னொலிகளைக் கேட்டார். தோணியின் பலகையிலே காதை வைத்தபோது அவ்வொலி மிகுந்து கேட்டதென அவர் எழுதியுள்ளார்.

ஆயின், இசைக் கருவியின் பெட்டி வேறு. ஒலிபெருக்கியின் பெட்டி வேறு. முன்னையது தனக்கெனக் குரல் உடையதாயிருத்தல் வேண்டும். பின்னையது பிறர் குரலை அவ்வாறே ஒப்புவிக்க வேண்டியதாதலால், தனக்கெனக் குரல் இல்லாதிருத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டை உணராதார் வீணைக்கு மரம் தேர்வது போலப் பெட்டிக்கும் தேர்ந்து ஏமாறுவர்.

1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஃபொக் கலைக்கூடத்து விரிவுரை மண்டபம் பயனற்றுக் கிடந்தது. அங்கே எழுப்பிய ஒலி அடங்குவதற்கு ஏறத்தாழ ஐந்தரைச் செக்கன் சென்றது. ஒரு சொல் அடங்குமுன் அடுத்த பல சொற்கள் அதன்மேல் விழுந்தன. ஆசிரியர் பேசினார், மாணவர்க்கு விளங்கவில்லை. இக்குறையை நீக்கும் பொறுப்பு வாலஸ் சபீன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இரவுதோறும் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து மண்டபத்திலே பரப்பினார். ஓர் ஓர்கன் குழாயை ஊதச்செய்து, ஒலி அடங்கும் காலத்தைத் தம் செவியாலும் கடிகாரத்தாலும் அளந்தார். மெத்தை மிக மிக ஒலி விரைந்து அடங்கிற்று. ஒலியை உறிஞ்சும் ஆற்றலை அளந்து கணக்கிடலாம் என்பது இவ்வாறு நிலைபெற்றது. 1900இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் இசை மண்டபம் இக்கணக்கின் துணைகொண்டு கட்டப்பட்டதேயாம்.

கொழும்பிலே வானொலி ஒலிபரப்புத் தொடங்கிய 1925ஆம் ஆண்டிலேயே, றைஸ், கெலொக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் காகிதக் கூம்பும் கம்பிச் சுருளும் கொண்ட ஒலிபெருக்கியை விளக்கி வெளியிட்டனர். அக்கூம்பு முன்புறம் எவ்வளவு ஒலியை எழுப்புகிறதோ அவ்வளவு ஒலியைப் பின்புறமும் எழுப்பும். இரண்டும் கலந்தால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே பின்னொலியை அடைத்துவைக்கப் பெட்டி வேண்டியதாயிற்று. அடைத்த ஒலியோ சும்மா இருப்பதில்லை. சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, மெல்லிய காகிதக் கூம்பின் வழியே வெளிப்படும். உட்புறம் 30 சென்ரிமீற்றர் ஆழமுள்ள பெட்டியிலே செக்கனுக்கு ஏறத்தாழ 570 அதிர்வுள்ள ஒலி இவ்வாறு தங்கி முழங்கும். மனிதர் பேச்சின் உயிரொலிகள் உலாவும் எல்லை அது. பேசுபவர் பானைக்குள் இருந்து பேசுவது போலத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

பஞ்சின் பணி இங்கே தொடங்குகிறது. நார்களினூடே காற்று அசையும்போது உராய்வு உண்டாகி, ஒலியின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. சுவரை ஒட்டிய காற்று அசைவதில்லை. நடுவிலுள்ள காற்றே மிகுதியாக அசைகிறது. ஆதலின் சுவரிலே மெல்லிய துணியை ஒட்டுவதால் இத்தகைய ஒலிக்குப் பயன் குறைவு. பெட்டியின் நடுவெளியிலே நாரைத் தளர்வாக நிரப்புதலே நன்று.

1954இல் எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்கர் வேறொரு நன்மையையும் கைக்கொண்டார். காற்றுப் புகாதபடி மூடிய சிறு பெட்டியிலே, அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக அமைத்து, உள்ளே கண்ணாடி நாரை நிரப்பினார். அழுத்தப்படும் காற்று சூடேறி விறைக்கும். நார் அச்சூட்டை வாங்கிக்கொள்வதால் காற்று இளகி, சிறு பெட்டி பெரிய பெட்டி போலத் தொழிற்படும். இவ்வாதாயம் கோட்பாட்டளவில் நூற்றுக்கு நாற்பது வரை செல்லும். நடைமுறையிலே அதனிலும் குறைவே. நாரை மிகத் திணித்தால் காற்றுக்கே இடமின்றிப் போகும்.

1965இல் ஆதர் பெயிலி என்னும் ஆங்கிலேயர் நீண்ட மடிந்த பாதையுள்ள பெட்டியிலே நீளமான ஆட்டு உரோமத்தை நிரப்பிப் பயன் கண்டார். அவர் பணிபுரிந்த பிறட்போட் கம்பளித் தொழிலுக்குப் பேர்போன நகரம். தம் ஊரில் மலிந்த பொருளையே அவர் எடுத்தாண்டார்.

நம் நாட்டிலே அவ்விடத்தை வகிக்கக்கூடியவை இலவம் பஞ்சும் தென்னைநாருமாகும். இலவம் பஞ்சின் இழை உள்ளே வெறுமையானது, மிக இலேசானது. ஆயினும் நாளடைவில் கீழே படிந்துவிடும், எளிதில் தீப்பற்றும். மெல்லிய துணிப்பைகளிலே பிரித்து அடைத்து, வெப்பமேறும் பாகங்களினின்று விலக்கி வைத்தல் வேண்டும். கண்ணாடி நார் மேனியை உறுத்தும்; அதன் தூசு சுவாசத்துக்கு ஆகாது. காற்றுத் துவாரம் வைத்த பெட்டியாயின், துவாரத்தை மறைக்காது சுவர்ப்புறத்தில் மட்டும் நார் இடுதலே முறை.

நம் கிராமங்களிலே மண்பானை வாயில் ஒலிபெருக்கியைக் கவிழ்த்துப் பாட்டுக் கேட்ட காலம் ஒன்றிருந்தது. அம்முழக்கம் பாட்டுக்கு இனிமை தந்திருக்கலாம்; செய்திக்குத் தகாது. 1990களில் வடக்கிலே மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்களுக்கு ஊரின் பெயர் ஒன்று பிழையாகக் கேட்டால் அது சிறு பிழையன்று.

சபீனின் கதையிலே நமக்கு இன்னும் அண்மையான பாடம் ஒன்றுண்டு. உன்னிச்சை போன்ற உட்கிராமங்களின் பாடசாலைகளுள் வெறுஞ்சுவரும் தகரக் கூரையும் உடைய வகுப்பறைகள் இன்றும் உள. பின்வரிசையில் இருக்கும் பிள்ளை எழுத்தைக் காண்கிறதா என்று பார்க்கிறோம். சொல்லைத் தெளிவாகக் கேட்கிறதா என்று சோதிப்பதில்லை. மந்தம் என்று நாம் எண்ணும் பிள்ளைகளுட் சிலர் எதிரொலியால் தடுமாறுவோராகவும் இருத்தல் கூடும். பின்சுவரிலே தென்னைநார்ப் பாயைச் சற்று இடைவெளி விட்டுத் தொங்கவிடுதற்குப் பெருஞ்செலவில்லை. அதற்கு முன்னும் பின்னும் கைதட்டி, ஒலி அடங்கும் காலத்தை மாணவரைக் கொண்டே அளக்கச் செய்யலாம். சபீன் செய்த பரிசோதனையும் இத்தன்மையதே.