பத்தாவது ஆள்

கோவையிலிருந்து வாளையார் தாண்டி, பாலக்காட்டுக் கணவாய் வழியே சுமார் 200 கிலோமீட்டர் போனால் கொச்சி மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெப ஆலயம். 1568-ல் கட்டப்பட்டது. நம்மவர்கள் பலர் போய், தரையில் பதித்த நீல வெள்ளைச் சீன ஓடுகளைப் பார்த்து வியந்து திரும்புகிறார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இன்று தொழுகைக்குப் பத்துப் பேர் சேர்ந்தார்களா?

யூத மரபில் சபையாகக் கூடித் தொழப் பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இதற்கு மின்யான் என்று பெயர். பெண்களையும் சேர்த்து எண்ணும் சபைகள் இன்று உண்டு. கொச்சி பழைய முறையில் நின்றது. ஒன்பது பேர் மட்டும் வந்தால் தோரா என்னும் திருமறைச் சுருளை எடுத்து முறைப்படி வாசிக்க முடியாது. இறந்தவருக்காக மகன் கதீஷ் என்னும் வேண்டுதலைச் சொல்ல முடியாது. அந்தப் பத்தாவது ஆளை எப்படி வரவழைப்பது, வந்தவரை எப்படி நிலைக்கச் செய்வது என்பதற்கு ஹில்லேல் சொன்ன ஒரு வாசகத்தைத் துணைகொள்ளலாம். பாபிலோனிலிருந்து எருசலேம் வந்து, கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத ஆசான் அவர். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத நெறிநூலில், அவோத் என்னும் பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில் அவர் பெயரால் ஐந்து விலக்குகள் வருகின்றன.

முதல் விலக்கு, சபையை விட்டுப் பிரிவது. ஊர் துன்பப்படும்போது தன் வீடு, தன் சாப்பாடு என்று ஒதுங்கியவன், ஊருக்கு ஆறுதல் வரும் நாளில் அதைக் காணமாட்டான் என்பது மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூது தரும் விளக்கம். நம் பக்கத்தில் மாரியம்மன் பூச்சாட்டு என்றால், பெங்களூரில் குடியேறியவரும் தலைக்கட்டு வரியைத் தவறாமல் அனுப்பிவிடுவார். அதோடு கடமை முடிந்ததென நினைப்பவரும் உண்டு. மின்யான் அதை ஏற்காது. எவ்வளவு பெரிய நன்கொடையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேராது. வந்து நின்றால்தான் எண்ணிக்கை.

இரண்டாவது, சாகும் நாள்வரை தன்னைத் தானே நம்பிவிடுவது. எண்பது ஆண்டு தலைமைக் குருவாக இருந்ததாகத் தல்மூது கூறும் யோகனான் கடைசியில் மாற்றுக் கொள்கைக்குப் போனதை இதற்குச் சான்றாகச் சொல்வார்கள். நெடுநாள் பொறுப்பில் அமர்ந்தவர்களுக்கே இது அதிகம் பொருந்தும் என்பது என் கருத்து. நான் இல்லாமல் நடக்காது என்பவர் இருக்கும் இடத்தில் புதியவர் கைவைக்க வேலை ஏது?

மூன்றாவது, பிறனுடைய இடத்தில் நின்று பார்க்காமல் அவனைத் தீர்ப்பிடுவது. வாசகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் அந்த 'இடம்' கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்கள் அதே ஆலயத்தில் பின்னால், தரையில் அமர்ந்தார்கள். முழு உறுப்பினர் உரிமை அவர்களுக்கு இல்லை. அவர்களில் 1882-ல் பிறந்த ஏ. பி. சேலம் சென்னையில் சட்டம் படித்தார். அச்சமூகத்தின் முதல் பட்டதாரி. கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1929-ல் லாகூர் காங்கிரஸுக்கும் போய்வந்தார். நாட்டுக்குச் சட்டம் பேசியவருக்குச் சொந்த ஆலயத்தில் சம இருக்கை இல்லை. சத்தியாக்கிரக வழியில் போராடினார். ஆலயத்தைச் சில காலம் புறக்கணித்தார். தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. யூதத் தெருவுக்கு இன்று அவர் பெயர் இருக்கிறது.

இந்தப் பாகுபாட்டுக்கு யூத நூல்களில் ஆதாரம் தேட முயல்வோர் தல்மூதின் ஒரு நிகழ்ச்சியைப் படிக்க வேண்டும். ரப்பி எலியேசர் தொழுகைக்குப் போனபோது பத்துப் பேர் தேறவில்லை. உடனே தம் அடிமையை விடுதலை செய்து பத்தாவது ஆளாக நிறுத்தினார். விதிப்படி அது சரியா என்ற கேள்வி எழுகிறது. பலர் சேர்ந்து செய்யும் அறத்துக்காக அது தகும் என்று பதில் வருகிறது. அடிமையை அன்றே ஆளாக எண்ணிய மரபு, விடுதலையானவரின் பேரப்பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்தது பெரும் பிழை.

நான்காவது விலக்கு பேச்சைப் பற்றியது. அதற்கு உரைகாரர்கள் பல பொருள் சொல்வார்கள். கேட்பவருக்கு விளங்காத பேச்சைத் தவிர்ப்பது என்ற பொருளே சபைக்கு உதவும்.

ஐந்தாவது, ஓய்வு கிடைத்தபின் படிக்கலாம் என்று தள்ளிப்போடுவது. கொச்சி யூதப் பெண்கள் எண்ணிக்கையில் சேராதவர்கள். ஆனால் ஓய்வுக்காகக் காத்திருக்கவில்லை. மலையாளத்தில் பாடல்களைக் கையால் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, திருமணத்திலும் திருநாளிலும் பாடினார்கள். கேரள ஜெப ஆலயங்களில் கீழ்த்தளத்து மேடை போதாதென்று, மாடத்தில் பெண்கள் பகுதியை ஒட்டி இரண்டாவது வாசிப்பு மேடையும் உண்டு. தோரா அவர்கள் அருகே ஏறிவந்தது. அந்தக் குறிப்பேடுகள் கடல் கடந்து இஸ்ரேலுக்கும் போயின.

கொச்சி காலியானது சோம்பலால் அன்று. யாரும் துரத்தவும் இல்லை. 1948-ல் இஸ்ரேல் உருவானபின், முக்கியமாக 1953 முதல் 1955 வரை, தலைமுறைகளாகத் தொழுகையில் வேண்டிய மண்ணுக்கே பெரும்பாலோர் போனார்கள். 1968-ல் இந்திரா காந்தி கலந்துகொண்ட 400-ஆம் ஆண்டு விழா நடந்தபோதே சபை சுருங்கியிருந்தது. பின்னாளில், வெளிநாட்டுப் பயணிகள் வந்தால்தான் பத்து நிறையும் என்ற நிலை வந்தது.

கோயில் கமிட்டி, சங்கம், வாசகர் வட்டம் எதை நடத்துகிறவராயினும், ஆள் வரவில்லை என்று வருந்துமுன் ஒன்று செய்யுங்கள்: ஏற்கெனவே வந்து பின்வரிசையில் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவரால்தான் முடியும் என்ற ஒரு வேலையை இந்த வாரமே கொடுங்கள்.